பிள்ளையின் படிப்பும் ஊரின் உழைப்பும்

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் எமது கிராமங்களிலும் மீள்குடியேறிய பகுதிகளிலும் பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. "இவனை இன்னும் படிக்க விடுறதோ, நாளைக்கே வேலைக்கு அனுப்புறதோ?" என்று தகப்பன் கேட்கிறார். தாய் மறுமொழி சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விடுகிறார். நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையின் வீட்டில் இந்தக் கேள்வி எழுவதில்லை. கணிதத்தில் தவறிய பிள்ளையின் வீட்டிலேயே எழுகிறது.

இக்கேள்வியைக் கேட்பவர்களை நாம் குறைகூற வரவில்லை. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இன்றைய நாட்கூலிதான் இன்றைய சோறு. காணி இன்னும் கைக்கு வராதவர்களுக்கும், காணி வந்தும் கிணறு தூர்ந்து, வேலி இல்லாமல், விதைக்கப் பணமும் இல்லாமல் நிற்பவர்களுக்கும் பத்து வருடத்துக்குப் பிந்திய பயனைப் பற்றிப் பேசுவது இலகுவல்ல. ஆயினும், ஒவ்வொரு வீடும் இக்கேள்விக்குக் கொடுக்கும் பதில் அந்த வீட்டோடு நின்றுவிடுவதில்லை. நூறு வீடுகளின் பதில்களும் ஒன்றுசேர்ந்தே, நாளை அந்த ஊரில் மேசன் இருப்பாரா, நீரிறைக்கும் இயந்திரம் திருத்துபவர் இருப்பாரா, சங்கத்தின் கணக்கை எழுத ஆள் இருக்குமா, உழைத்த பணம் ஊருக்குள் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. இதை எமது சொந்த அனுபவத்திலிருந்தே விளங்கிக்கொள்ள முயல்வோம்.

ஊரின் பெறுபேறு எது?

பெறுபேறு என்றதும் எத்தனை 'ஏ' சித்தி, எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள் என்றே பார்க்கிறோம். அது பாடசாலையின் பெறுபேறு. ஊரின் பெறுபேற்றை அளக்க வேறு மூன்று கேள்விகள் வேண்டும். படித்தவர் எங்கே போனார்? படிப்பை இடையில் விட்டவர் இன்று என்ன செய்கிறார்? ஊரில் நிற்பவரின் கையில் என்ன தொழில் இருக்கிறது?

ஓர் ஊரில் உழைக்கும் வயதில் உள்ள ஆண், பெண் அனைவரும் சேர்ந்ததே அதன் தொழிற்படை. காணி, நீர், கால்நடை என்பவற்றைப் போல அதுவும் ஒரு சொத்து. காணியை விட்டு ஓடவேண்டி வந்தாலும் தொழிலைக் கையோடு கொண்டுபோகலாம் என்பதை, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009 வரை வன்னிக்குள் இடம்மாறி இடம்மாறி அலைந்தவர்களும் நேரே கண்டவர்கள். தையல் தெரிந்தவர் போன இடத்திலும் தைத்தார். மோட்டார் திருத்தத் தெரிந்தவர் மரத்தின் கீழேயே கடை போட்டார். தொழில் தெரியாதவர் பிறர் காணியில் கூலிக்கு நின்றார்.

வட்டுக்கோட்டையும் மானிப்பாயும்

அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விச் செமினரியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. கல்வியின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள் ஆங்கிலம் தந்த உத்தியோகங்களையே நாடிப் போகின்றனர் என்ற முறைப்பாடு அதற்கு ஒரு முக்கிய காரணம்.

இதே பிரச்சினையை வைத்தியத் துறையில் கண்டவர் டொக்டர் சாமுவேல் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்த இவர், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகம் பெற்று வெளியிடங்களுக்குப் போவதைக் கண்ட அவர், 1860களில் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அதற்காக வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். தமிழில் படித்தவர் தமது ஊர்களில் தங்கி, ஊரவருக்கு வைத்தியம் செய்வர் என்பது அவரது எண்ணம்.

இரண்டும் நல்ல கல்வியே. ஒன்று ஆளை வெளியே கொண்டுபோகும் பாதையாக அமைந்தது. மற்றது ஆளை ஊரில் நிறுத்தும் பாதையாக அமைக்கப்பட்டது. எவ்வளவு படிப்பு என்பதோடு, எந்த வேலைக்கான படிப்பு என்பதையும் சேர்த்துப் பார்த்தாலே ஊரின் வருங்காலம் தெரியும்.

மணியோடர் வந்த ஊர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவுக்குப் போய் றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கிளாக்கர்களாக வேலை பார்த்தனர். கொழும்பிலும் தென்னிலங்கையிலும் உத்தியோகம் பார்த்தோர் தொகையும் பெருகியது. மாதந்தோறும் மணியோடர் ஊருக்கு வந்தது. கல்வீடுகள் எழுந்தன. காணிகள் வாங்கப்பட்டன. கோயில்களும் பாடசாலைகளும் கட்டப்பட்டன. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபின், ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வாசல் திறந்தது.

இதனால் வந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் ஊர் ஒரே வாசலையே நம்பி நின்றது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மலாயாவின் வாசல் அடைபட்டது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் வாசலை ஒடுக்கியது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியது. இவை பிள்ளைகளின் தவறால் நேர்ந்தவையல்ல. எனினும் வேறு தொழிற்பாதை இல்லாத ஊருக்கு இந்த அடிகள் இருமடங்காக வலித்தன. இன்று மணியோடருக்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்து வங்கிக்குப் பணம் வருகிறது. அனுப்பும் கை தளர்ந்தால் என்ன செய்வது என்ற பழைய கேள்வி மாறவில்லை.

படித்தவர் மண்ணில் நின்றபோது

படித்தவர் கமம் செய்யமாட்டார் என்று சொல்வோருக்கு வன்னியில் ஒரு மறுமொழி உண்டு. 1960களில் முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களில் படித்த வாலிபர்களுக்கு அரசாங்கம் காணி வழங்கிக் குடியேற்றியது. மிருசுவிலில் படித்த மகளிருக்கும் இவ்வாறு ஒரு திட்டம் வந்தது. 'படித்த மகளிர் திட்டம்' என்றே அப்பகுதிக்குப் பெயர் நிலைத்தது. 1970க்குப் பின் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இந்த இளைஞர்கள் நீரிறைக்கும் இயந்திரத்தையும் புதிய பசளை முறைகளையும் பயன்படுத்தி நல்ல வருமானம் கண்டனர். உத்தியோகத்தை விட்டுத் தோட்டத்துக்கு வந்தவர்களும் இருந்தனர்.

1977இன் இறுதியில் இறக்குமதி தாராளமாகத் திறந்துவிடப்பட்டதும் அந்த வருமானம் குறைந்தது. ஆகவே படிப்பு இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நாம் சொல்ல முடியாது. விலையும், காணியும், நீரும், அமைதியும் வேண்டும். ஆனால் அவை கிடைக்கும் வேளையில் அவற்றைப் பயனாக மாற்றுவது படித்த கைதான்.

தோட்டத்துக்குப் படிப்பு எதற்கு?

"வெங்காயம் நடுறதுக்குப் படிப்பு வேணுமோ?" என்று கேட்பவர்கள் உண்டு. லொக்கீட், ஜமிசன், லாவு என்னும் மூன்று ஆய்வாளர்கள் பல நாடுகளின் கமக்காரரைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 1980இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். நான்கு வருடம் பாடசாலையில் படித்த கமக்காரரின் விளைச்சல், படிக்காதவருடையதைவிடச் சராசரியாகக் கூடியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. புதிய விதையும் புதிய முறைகளும் வந்துகொண்டிருந்த இடங்களில் வித்தியாசம் பெரிதாக இருந்தது. தகப்பன் செய்ததையே மகனும் செய்யும் இடங்களில் அது மிகச் சிறிதாகவே இருந்தது.

காரணம் இலகுவானது. எதுவும் மாறாத ஊரில் அனுபவம் போதும். மாற்றம் வந்த இடத்தில் வாசிக்கவும், கணக்குப் பார்க்கவும், கேள்வி கேட்கவும் தெரிய வேண்டும். இடம்பெயர்ந்தவரைவிட மாற்றத்தைக் கண்ட கமக்காரர் வேறு யார்? வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து வெங்காயம் செய்தவர், வன்னியில் குளத்து வாய்க்கால் நீரில் நெல் செய்யப் பழக வேண்டியிருந்தது. அவருடைய பழைய அனுபவம் பாதிதான் உதவியது.

யூரியாவை எடுத்துக்கொள்வோம். அதில் 46 வீதம் நைதரசன் உண்டு. 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன். பயிருக்குத் தேவையான அளவு தெரிந்தால், எத்தனை மூடை வேண்டும் என்பது ஆறாம் வகுப்புக் கணக்கு. கணக்குத் தெரியாதவர் "கூடப் போட்டால் கூட விளையும்" என்று போடுகிறார். பணம் வீணாகிறது. அத்தோடு, குடாநாட்டில் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லிலேயே தங்குகிறது. பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாக அந்த நீருக்குள் இறங்கிவிடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டினால் கூடிய ஆபத்து கைக்குழந்தைகளுக்கே. ஒருவர் கணக்குப் பாராமல் போட்ட பசளை அயல் வீட்டுக் குழந்தையின் தண்ணீரில் வந்து சேர்கிறது.

கடனிலும் இதே கதைதான். ஒருவர் 50,000 ரூபா கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருட வட்டி 24 வீதம் என்று சொல்லி, 62,000 ரூபாவை 52 கிழமைகளில் கட்டச் சொல்கிறார்கள். கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. ஆனால் 50,000 ரூபாவும் வருடம் முழுவதும் அவர் கையில் இருக்கவில்லை. கிழமைதோறும் முதலும் குறைகிறது. சராசரியாகப் பாதிப் பணமே கையில் இருந்தது. வட்டி மட்டும் முழுப் பணத்துக்கும் கட்டப்பட்டது. உண்மை வட்டி சொன்ன வட்டியின் ஏறத்தாழ இரட்டிப்பு. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுப்பேற்க நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. கையெழுத்து வைக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால், அதுவும் கல்வியின் பெறுபேறுதான்.

ஊருக்குள் சுழலும் ரூபா

யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மட்டும் இவ்விரு மாகாணங்களுக்கும் 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. புதிய வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே ஆள் பிடித்துக் கட்டினர். அவ்வேளையில் பல கிராமங்களில் பயிற்சி பெற்ற மேசன்மாரும் தச்சர்களும் போதவில்லை. கூலி ஏறியது. வெளியூர்த் தொழிலாளர் வந்து கட்டினர். அவர்கள் உழைத்தது நியாயமான கூலிதான். ஆனால் அந்தக் கூலி கிழமை முடிவில் பஸ் ஏறிப் போயிற்று. எமது இளைஞர்கள் அதே வீடுகளில் கல்லும் மண்ணும் சுமந்தனர்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஊருக்குள் வரும் 100 ரூபாவில் 60 ரூபா ஊருக்குள்ளேயே மீண்டும் செலவாகிறது என்று வைப்போம். மேசன் கடையில் அரிசி வாங்குகிறார். கடைக்காரர் ஊர் நெல்லை வாங்குகிறார். கமக்காரர் ஊர்த் தையற்காரியிடம் சட்டை தைப்பிக்கிறார். 100, பின் 60, பின் 36 என்று கூட்டிக்கொண்டு போனால் முடிவில் 250 ரூபாவுக்கு ஊரில் வியாபாரம் நடக்கும். மேசனும் அரிசியும் தையலும் வெளியிலிருந்து வந்து, 20 ரூபா மட்டுமே ஊருக்குள் நின்றால், அதே 100 ரூபா 125 ரூபாவோடு அடங்கிவிடும். வந்த உதவி ஒன்றே. ஊருக்குள் இருந்த தொழிலே வித்தியாசத்தை உண்டாக்கியது.

நடு வாங்குப் பிள்ளைகள்

உயர்தரம் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், மூன்று பாடங்களிலாவது திறமைச் சித்தியும் வேண்டும் என்பது பொதுவான விதி. உயர்தரத்தில் தகுதி பெறுவோரிலும் மூன்றில் ஒருவருக்குக்கூட அரச பல்கலைக்கழக இடம் கிடைப்பதில்லை. ஆகவே எந்தக் கிராமத்திலும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் போகாதவர்களே. முன்வாங்குப் பிள்ளைகளுக்காக ரியூசன் நடத்துகிறோம். பாராட்டு விழா எடுக்கிறோம். நடு வாங்கிலும் பின் வாங்கிலும் இருந்த பிள்ளைகளே நாளைய ஊரின் தொழிற்படை. அவர்களைப் பற்றி யாரும் கூட்டம் வைப்பதில்லை.

தகப்பனின் கேள்விக்குக் கணக்கால் பதில் சொல்வோம். உதவியாளுக்கு இரண்டு பங்கு கூலி என்றால், தொழில் தெரிந்த மேசனுக்கு மூன்று பங்கு என்று வைப்போம். பிள்ளை ஒரு வருடம் கூலியில்லாமல் பயிற்சிக்குப் போனால், 250 வேலைநாட்களில் 500 பங்கை இழக்கிறான். தொழில் கற்றபின் வருடத்துக்கு 250 பங்கு கூடுதலாகப் பெறுகிறான். இரண்டு வருடத்தில் இழந்தது திரும்பிவிடும். அதன்பின் முப்பது வருட உழைப்பில் வருவதெல்லாம் மிச்சம். மாறாக, பதினாறு வயதில் கல்லுச் சுமக்கப் போனவன் நாற்பது வயதிலும் கல்லே சுமக்கிறான். அப்போது முதுகு இடங்கொடாது.

பெண்பிள்ளைகளின் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். யுத்தத்தின்பின் தாயே குடும்பத்தைத் தாங்கும் வீடுகள் பல. அவ்வீடுகளில் சின்னவர்களைப் பார்க்கவென்று முதலில் நிறுத்தப்படுபவள் மூத்த பெண்பிள்ளையே. அவளை நிறுத்தினால் அடுத்த தலைமுறையின் தாயையும் படிப்பில்லாமல் விடுகிறோம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பதினாறு வயது வரை பிள்ளையைப் பாடசாலையில் வைத்திருப்பது. 2016 முதல் இது சட்டமும் ஆகும். அறுவடைக் காலத்தில் பிள்ளையை மறிக்கும் வழக்கத்தை ஊராகக் கூடி நிறுத்தலாம். ஒரு வீடு தனியே செய்ய முடியாததைப் பத்து வீடுகள் ஆள்மாற்றி வேலைசெய்து செய்யலாம்.

இரண்டாவது, பத்திரங்கள். இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் மூலமும், பரீட்சைச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தின் மூலமும் மீண்டும் பெறலாம். பரீட்சை எழுதிய ஆண்டு, சுட்டெண், பாடசாலை ஆகியவற்றை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வைப்போம்.

மூன்றாவது, கணிதம். பலருடைய பாதை அடைபடுவது அங்கேதான். ஊரில் உயர்தரம் படித்த ஒருவர், கிழமையில் இரண்டு மாலை, பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். யூரியா மூடையும் கடன் அட்டையுமே பாடப்புத்தகமாகட்டும்.

நான்காவது, தொழிற்பயிற்சி. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவில், சாதாரண தரம் சித்தியடையாதவரும் சேரலாம். இப்பிரிவு உள்ள பாடசாலை எது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேட்டறியலாம். தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் தொழிற்சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். மேசன் வேலையில் தொடங்குபவருக்கும் மேலே ஏறப் படி உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இந்தத் தகைமைகளுக்கே பயிற்றுகிறது. வேலைத்தளத்திலேயே தொழில் பழகியவர்கள், 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற முறையில் தமது திறனைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். இதைப் பற்றித் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்டப் பணிமனையில் கேட்கலாம். முகாமில் நின்றபோது தொழில் பழகிய பலருக்கு இது பெரிய வாய்ப்பு.

ஐந்தாவது, ஊரின் தொழிற்கணக்கு. கமக்கார அமைப்போ மாதர் சங்கமோ ஒரு கொப்பி எடுக்கட்டும். ஒரு பக்கத்தில் ஊரில் உள்ள தொழில்களும் அவற்றைத் தெரிந்தவர்களும். மறுபக்கத்தில், சென்ற வருடம் எந்தெந்த வேலைக்கு வெளியாளைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தோம் என்பது. கிணறு இறைக்கும் மோட்டார், வீட்டு வயரிங், உழவு இயந்திரம், கணக்கெழுதுதல், பால் பதனிடுதல் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலே எமது பிள்ளைகள் எதைப் படிக்கலாம் என்பதற்கு நல்ல வழிகாட்டி.

பல்கலைக்கழகம் போகக்கூடிய பிள்ளையை நாம் மறிக்கக் கூடாது. வெளிநாடு போகிறவரைக் குறைகூறவும் வேண்டாம். போகிறவர் போகட்டும். நிற்கிறவர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதே எமது வேண்டுகோள்.

அடுத்த முறை பெறுபேறு வரும் நாளில், கணிதத்தில் தவறிய பிள்ளையின் வீட்டுக்கும் ஒருவர் போக வேண்டும். சங்கத்தின் கொப்பியைக் கொண்டுபோகட்டும். எந்தத் தொழிலுக்கு ஊரில் ஆளில்லை என்பதைத் தகப்பனுக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் காட்டி, எதைப் பழக விருப்பம் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கட்டும். "படிக்க விடுறதோ, வேலைக்கு அனுப்புறதோ" என்ற கேள்விக்கு அந்த வீடு தனியாகப் பதில் தேட விடக்கூடாது.